கணினியில் ஒரு குடித்தனம்

சொப்பு வைத்து மணற்சோறு ஆக்கி விளையாடாத பிள்ளைப் பருவம் நம்மில் எவருக்கும் இருந்திராது. அவ்விளையாட்டே இன்று கணினித் திரையில் ஏறியுள்ளது. ‘தி சிம்ஸ்’ எனும் அவ்விளையாட்டில் வீழ்த்துவதற்குப் பகைவர் இல்லை. அடைவதற்கு வெற்றிக் கம்பமும் இல்லை. ஒரு வீடு கட்டி, குடும்பத்தைக் குடியேற்றி, அதனை நடத்திச் செல்வதே ஆட்டம். அரை நூற்றாண்டுக் காலம் இல்லறம் நடத்தியவருக்கு இதில் என்ன கடினம் என்னும் இறுமாப்புடன், விடுமுறைக்கு வந்த பேத்தியைத் துணைக்கு வைத்துக்கொண்டு நாமும் அமர்ந்தோம்.

கையில் தரப்பட்ட 20,000 ‘சிமோலியன்’ பெருந்தொகையாகவே தோன்றிற்று. அவ்வுலகின் நாணயத்திற்கு அதுவே பெயர். அதில் பெரும்பகுதியைக் கூடத்து இருக்கைகளுக்கும் ஓவியங்களுக்கும் செலவிட்டோம். சமையல் பழகாத நம் குடும்பத் தலைவர் அடுப்பை மூட்டினார், தீப் பற்றிக்கொண்டது. அவரோ அணைக்க முற்படாமல் கூவிக்கொண்டே நின்றார். “முதலில் தீ மணி வாங்குங்கள் என்று சொன்னேனே, தாத்தா!” என்றாள் பேத்தி. சொல்லத்தான் சொல்லியிருந்தாள்.

இவ்விளையாட்டின் பிறப்பிலும் ஒரு தீ இருக்கிறது. 1991 அக்டோபரில் அமெரிக்காவின் ஓக்லாந்து மலைப்பகுதியில் மூண்ட பெருந்தீ 25 உயிர்களையும் ஆயிரக்கணக்கான வீடுகளையும் கொண்டுபோயிற்று. வீடிழந்தோருள் ஒருவர் வில் ரைட். வாழ்வை மீண்டும் அமைக்கையில் எதை முதலில் வாங்குவது, எது இன்றி வாழ இயலும் என அவர் எண்ணியதே இவ்விளையாட்டுக்கு வித்தாயிற்று. வீடு கட்டுவதே அதன் முதல் நோக்கம். கட்டிய வீட்டின் நிறைகுறையைக் காட்டவே மனிதப் பொம்மைகளை அதில் இட்டார். பின்னர் அம்மனிதர்களே முதன்மை பெற்றனர். 2000 பிப்ரவரியில் அது வெளிவந்தது.

அம்முதற் பதிப்பு இரக்கமற்றது. பசி, உறக்கம், தூய்மை, நட்பு என எட்டுத் தேவைகள் நாழிகைதோறும் குறைந்துகொண்டே வரும். நண்பர்களைச் சேர்த்தாலன்றிப் பதவி உயர்வு கிட்டாது. நண்பர்களுடன் பேச அமர்ந்தால் உறக்கம் கெடும். அழும் குழந்தையைக் கவனியாது விட்டால், அதிகாரி ஒருவர் வந்து எடுத்துச் சென்றுவிடுவார்.

இத்துன்பத்திற்கு மருந்தும் உள்ளேயே இருந்தது. ‘ரோஸ்பட்’ எனும் சொல்லைத் தட்டினால் 1,000 சிமோலியன் வந்து விழும். 2004-இல் வந்த இரண்டாம் பதிப்பிலோ ‘மதர்லோட்’ என்றால் 50,000! மாளிகை எழும்பும், நீச்சல் குளம் நிறையும். பேத்தியும் இவ்வாறே செய்தாளாம். “இரண்டு நாளில் சலித்துவிட்டது” என்றாள். வாங்க வேண்டியது ஒன்றும் இல்லாதபோது எழுந்து வேலைக்குப் போவானேன்?

ஆகவே ஆடுவோர் தமக்குத் தாமே தளை பூட்டிக்கொண்டனர். ‘லெகசி’ எனும் புகழ்பெற்ற அறைகூவலில், தனியொருவர் வெற்று நிலத்தில், சொற்பப் பணத்துடன் தொடங்கிப் பத்துத் தலைமுறைகளை வளர்த்தெடுக்க வேண்டும். மந்திரச் சொல்லுக்கு அங்கே இடமில்லை.

2014-இல் வந்த நான்காம் பதிப்பில் தேவைகள் ஆறே. ஆட்டம் மிக எளிதாகிவிட்டது எனப் பலர் முறையிட்டனர். அதினும் வியப்பு, நடைபழகும் பருவத்துக் குழந்தைகள் அப்பதிப்பில் இல்லாதது பற்றி எழுந்த கூக்குரல்! உணவை வீசியெறிந்து, நள்ளிரவில் எழுந்து அழும் அக்குழந்தைகளை ஈராண்டுக்கு மேலாகக் கேட்டுக் கேட்டு, 2017 ஜனவரியில் பெற்றனர். இரவெல்லாம் பிள்ளையைத் தோளில் சுமந்த தாய்மார் இதைக் கேட்டால் சிரிப்பார்களோ, சினப்பார்களோ, அறியோம்.

பேத்தியும் மாளிகையைக் கைவிட்டு, இப்போது வெற்று நிலத்தில் ஒரு கட்டிலுடன் தொடங்கியிருக்கிறாள். பத்தாம் தலைமுறை எப்போது வரும் என வினவினோம்.

“இரண்டாம் தலைமுறையே இன்னும் பேசப் பழகவில்லை, தாத்தா. சற்றுப் பொறுங்கள்; அழுகிறது” என்று திரும்பிக்கொண்டாள்.