ரயிலுக்கு உண்டு சிவப்பு விளக்கு. லாரிக்கு ஏன் இல்லை?

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் ஜனங்களின் பழமொழி. போடிநாயக்கனூர்ப் பக்கம் வாழ்பவர்களுக்கு அது வெறும் பேச்சல்ல. ஆனி, ஆடி பிறந்து விட்டால் மேற்கேயிருந்து மலையைத் தாண்டி இறங்கும் காற்று ஓட்டைப் பெயர்க்கும், வாழையைச் சாய்க்கும், நடப்பவனைத் தள்ளும். ஆண்டிபட்டிப் பக்கம் வரிசையாகக் காற்றாலைகளை நட்டு மின்சாரம் எடுக்கிறார்களே, எதற்காக? காற்றின் பலம் இன்னதென்று முதலாளிகளுக்குத் தெரியும். லாபம் தரும் இடத்தில் காற்றை அளக்கிறார்கள். லாரித் தொழிலாளியின் உயிர் ஊசலாடும் இடத்திலோ அளப்பார் இல்லை!

முந்தலிலிருந்து போடிமெட்டு வரை சுமார் 20 கிலோமீட்டர். அதில் 17 கொண்டை ஊசி வளைவுகள். கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேலான உயரத்துக்கு ஏற வேண்டும். அரிசியும் உரமும் சிமெண்டும் காய்கறியும் இந்த வழியாகத்தான் மேலே போகின்றன. ஏலக்காயும் மிளகும் காப்பியும் இந்த வழியாகத்தான் கீழே வருகின்றன. போடி ஏல மையத்தில் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று விலை கூவும்போது, அந்த மூட்டையை வளைவு வளைவாக இறக்கிக் கொண்டு வந்த டிரைவரை யார் நினைக்கிறார்கள்?

மலைச்சாலையில் ஒரு லாரி கவிழ்ந்தால் மறுநாள் வரும் செய்தி நமக்கு மனப்பாடம். "டிரைவரின் கவனக் குறைவு" என்பார்கள். அல்லது "பலத்த காற்று" என்பார்கள். ஒன்று தொழிலாளி குற்றவாளி. இல்லையேல் இயற்கை குற்றவாளி. பாரம் ஏற்றச் சொன்னவன், பொழுது விடியுமுன் வந்து சேர வேண்டுமென்று கெடு வைத்தவன், இவர்கள் பெயர் மட்டும் எந்த அறிக்கையிலும் வராது.

காற்றின் கணக்கு

இதில் மர்மம் ஒன்றுமில்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் பலம் நான்கு மடங்காகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்று, ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 17 கிலோ பாரத்தோடு அழுத்தும். தார்ப்பாய் போர்த்திய லாரியின் பக்கவாட்டை 7 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம் என்று வைத்துக் கொள்வோம். மொத்தம் 350 கிலோவுக்கு மேல். ஒரு வேகமான வீச்சு 120 கிலோமீட்டரைத் தொட்டால் அதுவே 1,400 கிலோ ஆகிவிடும்!

இது மட்டுமே எல்லா வண்டியையும் கவிழ்த்து விடாது. ஆனால் வளைவில் வண்டியை வெளிப்பக்கம் தள்ளும் விசை, மழையில் நனைந்த தார், உயர அடுக்கிய மூட்டை, கட்டு தளர்ந்து பாய்மரம் போல் உப்பும் தார்ப்பாய், இவையெல்லாம் அதோடு கூடும்போது ஆபத்து முற்றுகிறது. காலி லாரிக்கும், வைக்கோல், தென்னை நார், ஏலக்காய் போன்ற எடை குறைந்து உயரம் கூடிய பாரத்துக்கும் அபாயம் அதிகம். மலை மறைப்பில் அமைதியாக ஓடும் வண்டி வளைவு திரும்பித் திறந்த வெளிக்கு வரும் அந்த நொடியில்தான் காற்று அறைகிறது.

அனுபவமுள்ள டிரைவர்கள் இதை அறிவார்கள். கனமானதை அடியில் வை, உயர அடுக்காதே, தார்ப்பாயை இறுக்கிக் கட்டு, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடி, திறந்த வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை, சட்டென்று பிரேக் மிதிக்காதே, டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்காதே, காற்று மீறினால் மரத்தடியில் அல்ல, மலை மறைப்பில் ஒதுங்கி நில் என்று இளையவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். நல்ல பாடம்தான். ஆனால் ஒதுங்கி நிற்பவனுக்குக் கூலி உண்டா? நடைக்கு இவ்வளவு என்று பேட்டா பேசி ஓடுகிறவன் நான்கு மணி நேரம் நின்றால் அந்த நான்கு மணி நேரமும் அவன் வயிற்றில்தான் அடிக்கிறது. செல்போனில் "எங்கே இருக்கிறாய்?" என்ற அதட்டல் வேறு. கிளீனரையும் நிறுத்தி விட்டுத் தனி ஆளாக அனுப்பும் வழக்கம் பரவியிருக்கிறது. பின்னால் பார்த்துச் சொல்லவோ, சக்கரத்துக்குக் கட்டை வைக்கவோ ஆள் இல்லை.

சட்டம் என்ன சொல்லுகிறது?

1961ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்றது. தூர வழித்தடங்களுக்கு அதிலும் விலக்கு. ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களை அது எட்டியும் பார்க்கவில்லை. 2020ல் அந்தச் சட்டத்தையும் தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைத்து விட்டார்கள். 2018 ஜூலையில் மத்திய சர்க்கார் இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தியது. பாரம் கூடியது, பேட்டா அதற்கேற்பக் கூடவில்லை.

அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினால் 20,000 ரூபாயும், அதிகப்படி டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். ஓட்டுகிறவனுக்கு மட்டுமல்ல, ஓட்டச் செய்கிறவனுக்கும், அனுமதிக்கிறவனுக்கும் அதே தண்டனை என்றுதான் மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. ஆனால் சோதனைச் சாவடியில் கைகட்டி நிற்பவன் யார்? டிரைவர்தான்.

ஒற்றை லாரியைக் கடனில் வாங்கி, தானே ஓட்டித் தவணை கட்டித் தத்தளிக்கும் சிறு உடைமையாளரை நாம் பகைவராகக் கருதவில்லை. அவரும் பைனான்ஸ் கம்பெனிக்கும் கமிஷன் ஏஜெண்டுக்கும் நடுவே நசுங்குகிறவர்தான்.

பாம்பனைப் பாருங்கள்

பழைய 49ம் எண் தேசிய நெடுஞ்சாலை கொச்சியில் தொடங்கி, மூணாறு, போடிமெட்டு, போடி, மதுரை வழியாகத் தனுஷ்கோடி வரை சென்றது. அதன் கிழக்குக் கோடியில் 1964 டிசம்பர் 22ந் தேதி இரவு புயல் ஒரு ரயிலையே கடலுக்குள் இழுத்துச் சென்றது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இன்று பாம்பன் ரயில் பாலத்தில் காற்றளக்கும் கருவி இருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டரை எட்டுமுன்பே சிவப்பு விளக்கு எரிகிறது, ரயில் நிற்கிறது. தாமதத்துக்காக எந்த ரயில் டிரைவர் சம்பளத்திலும் கை வைப்பதில்லை.

கடற்கோடியில் முடிந்தது மலைக்கோடியில் ஏன் முடியாது? உயிர் அங்கே விலை மதிப்பற்றது, இங்கே மலிவா?

இது லாரிக்காரர்கள் பிரச்னை மட்டும்தானா? இல்லை, தோழர்களே! விடியுமுன் போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து ஏலத் தோட்ட வேலைக்குப் போகும் நமது பெண்கள் இதே மலைச்சாலைகளில்தான் ஜீப்புகளில் நெருக்கி அடைக்கப்பட்டுப் போகிறார்கள். முன்னால் போகும் லாரி சாய்ந்தால், ஓரத்து மரம் முறிந்தால், முதலில் சிக்குவது அவர்கள்தான். மில்லுக்குப் பஞ்சு கொண்டு வருவதும் நூலைக் கொண்டு போவதும் லாரித் தொழிலாளியின் கைதான். ஆகவே இது நம் எல்லோருடைய கோரிக்கை.

முந்தலிலும் போடிமெட்டிலும் காற்றளக்கும் கருவியும் எச்சரிக்கை விளக்கும் வை! காற்று மீறினால் கனரக வண்டிகளையும் ஆள் ஏற்றும் ஜீப்புகளையும் நிறுத்து! தேனி, இடுக்கி இரு ஜில்லா நிர்வாகமும் சேர்ந்து இதை அமல் நடத்து! நிற்கும் நேரத்துக்கு டிரைவருக்கும் கிளீனருக்கும் காத்திருப்புக் கூலி கொடு! வர முடியாத நாளுக்குத் தோட்டத் தொழிலாளியின் கூலியை வெட்டாதே! கழிப்பறையும் குடிநீரும் உள்ள நிறுத்துமிடம் கட்டு! அதிகப் பாரத்துக்கு ஏற்றச் சொன்னவன் மீது வழக்குப் போடு!

கேட்டால் கிடைக்குமா என்று சிலர் சலித்துக் கொள்ளலாம். 2024 ஜனவரியில், உயிர் பறித்த விபத்துக்குப் பின் தகவல் சொல்லாமல் தப்பிச் செல்லும் டிரைவருக்குப் பத்தாண்டு வரை சிறை என்ற பிரிவை எதிர்த்து நாடெங்கும் லாரி டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். நிற்கும் டிரைவரின் உயிருக்கு யார் உத்தரவாதம் என்று கேட்டார்கள். மற்றப் பிரிவுகள் அந்த ஆண்டு ஜூலையில் அமலுக்கு வந்தபோது, அந்த ஒரு பிரிவை மட்டும் சர்க்கார் நிறுத்தி வைக்க நேர்ந்தது. சக்கரம் நின்றால் டில்லிக்கும் காது கேட்கும்!

அடுத்த ஆடிக்கு முன்பே லாரி நிலையங்களிலும், மில் வாசல்களிலும், ஜீப் ஏறும் இடங்களிலும் இந்தக் கோரிக்கைகளைப் பேசுவோம், கையெழுத்துத் திரட்டுவோம், இரு ஜில்லா கலெக்டர்களிடமும் கூட்டமாகச் செல்வோம். காற்றை நிறுத்த நம்மால் முடியாது. காற்றுக்குள் தொழிலாளியைத் துரத்தும் கையை நிறுத்த முடியும்!