சாந்த் பீபியின் பெயரில் தமிழ்ப் பெண்கள்

காலை ஏழு மணிக்கு மும்பையின் குர்லா ஸ்டேஷன் மேம்பாலத்தில் இரண்டு கூட்டம் எதிரெதிராக நடக்கும். ஒன்று வேலைக்கு ஓடுகிறது. மற்றொன்று நைட் டியூட்டி முடிந்து வீடு திரும்புகிறது. கொண்டை கலைந்த நர்ஸுகள், கையில் துணிப்பை, அதற்குள் மடித்த யூனிஃபார்மும் காலி டிபன் டப்பாவும். அவர்களில் தமிழ் பேசும் பெண்களும் உண்டு. உங்கள் தொழிலின் முன்னோடி யார் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பெயர்தான் வரும்: நைட்டிங்கேல்.

நைட்டிங்கேல் பணியாற்றிய அதே கிரிமியப் போரில் ஜமைக்காவின் மேரி சீகோலும் இருந்தார். 1805-இல் கிங்ஸ்டனில் பிறந்தவர். தாயிடம் மூலிகை வைத்தியம் கற்றவர். பனாமாவில் காலராவோடு மல்லுக்கட்டியவர். 1854-இல் லண்டன் சென்று போர்முனை நர்ஸாக விண்ணப்பித்தார். சேர்க்கவில்லை. தன் நிறம்தான் காரணமோ என்று பின்னாளில் எழுதினார். அதற்காக ஊர் திரும்பிவிடவில்லை. சொந்தக் காசில் கப்பலேறி, பாலக்லாவா அருகே பழைய மரத்தையும் தகரத்தையும் கொண்டு ஒரு விடுதி எழுப்பினார். சாப்பாடும் அங்கே, வைத்தியமும் அங்கே. போர் முடிந்தபின் அவர் திவாலானார். 1881-இல் இறந்தபின் நூறாண்டு போல மறக்கப்பட்டார். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனை வளாகத்தில் அவருக்குச் சிலை வைத்தது 2016-இல்தான்.

நம் கதையும் இதிலிருந்து வெகுதூரமில்லை.

1914-இல் சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமி (பின்னாளில் கேப்டன் லட்சுமி), 1938-இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1940-இல் சிங்கப்பூர் போனார். அங்கே ஏழைத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1943-இல் நேதாஜி ஜான்சி ராணிப் படை என்ற பெண்கள் படையை அமைத்தபோது அதன் தலைமையை ஏற்றார். அதில் சேர்ந்தவர்களில் பலர் மலாயா ரப்பர் தோட்டங்களில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால் கூடப் பார்க்காதவர்கள் அவர்களில் ஏராளம். அந்தப் படையின் நர்ஸிங் பிரிவுக்குச் சாந்த் பீபி என்று பெயர். 1595-இல் முகலாயர் முற்றுகையிட்டபோது அகமதுநகர்க் கோட்டையைக் காத்து நின்ற, நம் மகாராஷ்டிரத்தின் சாந்த் பீபிதான்!

1944-இல் நேதாஜியின் படையும் பங்கேற்ற இம்பால் தாக்குதல் தோற்று, அதன் வீரர்கள் மலேரியாவும் சீதபேதியும் பட்டினியுமாகப் பர்மாவுக்குத் திரும்பினார்கள். மேமியோ மருத்துவமனையில் அவர்களைக் கவனித்தது இந்தப் பெண்கள்தான். சீதபேதி வார்டில் நர்ஸ் வேலை என்னவென்று செய்தவர்களுக்குத் தெரியும். அழுக்குத் துணியை மாற்ற வேண்டும், உடம்பைத் துடைக்க வேண்டும், உதடு வறண்டவனுக்குத் தண்ணீர் புகட்ட வேண்டும். ஒரு சுற்று முடித்து நிமிர்வதற்குள் முதல் கட்டில்காரன் மறுபடி கூப்பிடுவான். துப்பாக்கிப் பயிற்சியை விட இது இலேசானது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் நாம் போற்றுவது துப்பாக்கி ஏந்திய படத்தைத்தான். நேதாஜி பிறந்தநாள் மேடைகளிலும் அந்தப் படமே நிற்கிறது. கேப்டன் லட்சுமி அந்தப் பெருமைக்கு முழுக்கத் தகுந்தவர். 1971-இல் வங்கதேச அகதிகளுக்கு, 1984-இல் போபாலில் விஷவாயு தாக்கியவர்களுக்கு என்று ஓடிப்போய் வைத்தியம் பார்த்தவர் அவர். தொண்ணூறு வயது கடந்தும் கான்பூரில் நோயாளிகளைப் பார்த்தார். 2012-இல் இறந்தபின் உடலைக்கூட மருத்துவக் கல்லூரிக்கே கொடுத்தார்கள். அவரைப் போற்றும்போதே, அவரோடு வார்டில் நின்ற தோட்டத்துப் பெண்களை விட்டுவிடுவது மட்டும் நியாயமில்லை.

மும்பையில் மாநகராட்சி நடத்தும் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. தாராவியிலும் குர்லாவிலும் மகளை நர்ஸிங் படிக்க வைக்கும் வீடுகளும் இருக்கின்றன. மே 12 செவிலியர் தினத்தில் அந்தப் பள்ளிகளில் நைட்டிங்கேலோடு மேரி சீகோலையும் சாந்த் பீபி பிரிவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மராட்டிய மண்ணில் வாழும் தமிழ்ப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறு என்ன? மலேசியாவிலும் தமிழ்நாட்டிலும் உள்ள அந்தப் பெண்களின் குடும்பங்களைத் தேடி, அவர்கள் வைத்திருக்கும் கடிதங்களையும் நினைவுகளையும் தமிழ்ச் சங்கங்கள் இப்போதே தொகுக்க வேண்டும். அன்று பதினாறு வயதாக இருந்தவர் இன்று உயிரோடிருந்தால் நூறை நெருங்கியிருப்பார்.

1945-இல் படை கலைந்தபின், அவர்களில் பலர் மலாயா திரும்பி மறுபடியும் பால்மரம் சீவப் போனார்கள்.