மூத்த குடிமக்கள் பயணச் சலுகை: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

சுருக்கமாக

ரயில்வே மூத்த குடிமக்களுக்கு அளித்துவந்த கட்டணச் சலுகையை, முதற்கட்டமாக இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி ஆகியவற்றில் உடனே திரும்பத் தர வேண்டும். தமிழ்நாட்டில் சென்னையோடு நின்றுவிட்ட, மூத்த குடிமக்களுக்கான இலவசப் பேருந்துப் பயணம் எல்லா மாவட்டங்களுக்கும் வர வேண்டும். வயதைக் காட்டும் ஓர் அடையாள அட்டையே எல்லாச் சலுகைகளுக்கும் போதுமானதாக இருக்க வேண்டும்.

சம்பாத்தியம் நின்றுபோன வயதில் சலுகையும் வருமானத்தில் ஒரு பங்குதான். டிக்கெட்டில் மிச்சமாகும் நூறு ரூபாய் மருந்துக்கோ பாலுக்கோ போகிறது. அந்தச் சலுகையை எடுத்துவிட்டால் கையிலிருக்கும் பென்ஷன் அவ்வளவு சுருங்குகிறது. இந்தக் கோரிக்கைகளை நாங்கள் வைப்பது அதனால்தான்.

பறிபோன சலுகை

2020 மார்ச் 20 வரை, அறுபது வயது நிறைந்த ஆண்களுக்கும் திருநங்கை, திருநம்பியருக்கும் ரயில் கட்டணத்தில் 40 சதவீதம் தள்ளுபடி இருந்தது. பெண்களுக்கு ஐம்பத்தெட்டு வயதிலிருந்தே 50 சதவீதம். மெயில், எக்ஸ்பிரஸ் முதல் ராஜதானி, சதாப்தி வரை எல்லா வகுப்புகளிலும் அது செல்லுபடியானது.

அதைப் பெற்ற விதத்தையும் இங்கே சொல்ல வேண்டும். தனி அட்டை கிடையாது, வருமானச் சான்று கிடையாது, எந்த அலுவலகத்திலும் போய் நிற்க வேண்டியதில்லை. முன்பதிவுப் படிவத்தில் வயதை எழுதி, சலுகை வேண்டும் என்று குறித்துக் கொடுத்தால் கவுன்ட்டரிலேயே குறைந்த கட்டணத்தில் டிக்கெட் வந்துவிடும். வண்டியில் டிக்கெட் பரிசோதகர் கேட்டால் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட பக்கத்தில் நிற்பவரிடம் படிவத்தைக் கொடுத்து நிரப்பிக்கொண்டார். இந்த நாட்டில் இவ்வளவு எளிதாக ஏழை முதியவரின் கைக்கு வந்த சலுகைகள் மிகக் குறைவு.

கொரோனா பரவியபோது, வயதானவர்கள் தேவையில்லாமல் பயணம் செய்வதைத் தடுக்க வேண்டும் என்று சொல்லி இந்தச் சலுகை நிறுத்தப்பட்டது. அன்று அந்தக் காரணம் நியாயமானது, நாங்களும் ஏற்றுக்கொண்டோம். பிறகு தொற்று தணிந்தது, வண்டிகள் பழையபடி ஓடத் தொடங்கின. மாற்றுத்திறனாளிகள், குறிப்பிட்ட நோயாளிகள், மாணவர்கள் ஆகியோருக்கான சலுகைகள் தொடர்கின்றன. மூத்த குடிமக்களுக்கு மட்டும் தள்ளுபடி திரும்பவில்லை. நிறுத்தியதற்குச் சொன்ன காரணம் போய்விட்டது, நிறுத்தம் மட்டும் நிலைத்துவிட்டது.

ரயில்வே நாடாளுமன்ற நிலைக்குழு, குறைந்தது ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலுமாவது இந்தச் சலுகையைத் திரும்பத் தருவது பற்றிப் பரிசீலிக்கும்படி அரசுக்குப் பரிந்துரைத்தது. உச்ச நீதிமன்றத்துக்குப் போன மனு 2023-ல் தள்ளுபடியானது. இது அரசின் கொள்கை முடிவு என்று நீதிமன்றம் சொன்னது. ஆகவே பதில் சொல்ல வேண்டிய இடம் அரசும் நாடாளுமன்றமும்தான்.

யாருக்கு என்ன இழப்பு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்லீப்பரில் ஒரு வழி அடிப்படைக் கட்டணம் 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கணவனும் மனைவியுமாகப் போய்வர இன்று 1,600 ரூபாய். பழைய சலுகை இருந்தால் ஒரு வழிக்குக் கணவருக்கு 240, மனைவிக்கு 200. போய்வர இருவருக்கும் 880. வித்தியாசம் 720 ரூபாய்.

மாதம் ஒரு லட்சம் வாங்கி ஓய்வு பெற்றவருக்கு இந்த 720 ரூபாய் பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் தொழிலாளர் வைப்பு நிதியின் கீழ் வரும் பென்ஷனுக்கு 2014-ல் வைக்கப்பட்ட குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,200 ரூபாய் ஆனது. மத்திய அரசின் முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில், எண்பது வயதுக்குக் கீழே உள்ளவருக்கு மத்தியப் பங்கு மாதம் 200 ரூபாய்தான். இந்தத் தொகைகளில் காலம் தள்ளுபவருக்கு 720 ரூபாய் என்றால் பாதி மாதத்துக்கு மேல்.

வயதானவர்கள் ஊர் சுற்றுவதற்காக மட்டும் ரயில் ஏறுவதில்லை. இராமநாதபுரத்திலிருந்தும் தென்காசியிலிருந்தும் சென்னைக்கோ மதுரைக்கோ கண் காட்ட, மூட்டு காட்ட, இதயம் பார்க்க வருகிறார்கள். மகள் பேறுகாலத்துக்கு, பேரன் காதுகுத்துக்கு, சம்பந்தி வீட்டு இழவுக்குப் போகிறார்கள். எழுபதைத் தாண்டியவர் துணை இல்லாமல் போக முடியாது. துணைக்கு வருபவரும் பெரும்பாலும் அதே வயது மனைவி அல்லது கணவர். ஆக ஒரு பயணத்துக்கு இரண்டு டிக்கெட். எங்கள் கூட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் பேச்சு இதுதான்: இரண்டு பேருக்குக் கட்டுப்படியாகவில்லை என்று ஒருவர் மட்டும் போகிறார், அல்லது மறுபரிசோதனைத் தேதியைத் தள்ளிப் போடுகிறார்.

நோயாளிகளுக்குச் சலுகை இருக்கிறதே என்பார்கள். அது புற்றுநோய், சிறுநீரக டயாலிசிஸ், காசநோய் போன்ற குறிப்பிட்ட நோய்களுக்கு, மருத்துவமனைச் சான்றோடு கிடைப்பது. கண்புரைக்கும் மூட்டுவலிக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. முதுமையில் ஆளைப் படுத்துவது பெரும்பாலும் இவைதான்.

இருப்பவருக்குச் சலுகை, இல்லாதவருக்கு இல்லை

2020-க்குப் பிறகு மூத்த குடிமக்களுக்கு அரசு எதுவுமே செய்யவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடக்கூடிய உச்சத்தொகை 2023 ஏப்ரலில் 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்ந்தது. வங்கி வட்டியில் வரி பிடிப்பதற்கான வரம்பு 2025 ஏப்ரலில் 50,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமானது. வங்கிகள் நிரந்தர வைப்புக்குப் பொதுவாக அரை சதவீதம் கூடுதல் வட்டி தருகின்றன. இவற்றை வரவேற்கிறோம், எங்கள் உறுப்பினர்களில் பலர் இவற்றால் பயன் பெறுகிறார்கள்.

ஆனால் இவற்றில் பயன்பெற முதலில் வங்கியில் பணம் இருக்க வேண்டும். முப்பது லட்சம் போட முடிந்தவருக்கு முழுப் பயனும் கிடைக்கும். மூவாயிரம் உள்ளவருக்குச் சில ரூபாய் கிடைக்கும். ஒன்றும் இல்லாதவருக்கு ஒன்றுமில்லை. ரயில் சலுகைக்குச் சேமிப்பு தேவைப்படவில்லை, வயது மட்டும் போதுமானதாக இருந்தது. சேமிப்பு உள்ளவருக்கான சலுகைகள் வளர்ந்த அதே ஆண்டுகளில், சேமிப்பு இல்லாதவரும் அனுபவித்த சலுகை மறைந்தது. எங்கள் ஆட்சேபத்தின் மையம் இதுதான்.

சொல்லப்படும் மறுப்புகளும் எங்கள் பதிலும்

ரயில்வே ஏற்கெனவே ஒவ்வொரு பயணிக்கும் சராசரியாக 46 சதவீத மானியம் தருகிறது என்று அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. அந்த மானியம் முப்பது வயது சம்பளக்காரருக்கும் எழுபத்தைந்து வயது விதவைக்கும் ஒன்றுபோலத்தான் கிடைக்கிறது. வயதின் தேவைக்கு அதில் தனி இடம் இல்லை. மாணவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இந்தப் பொது மானியத்துக்கு மேலேதான் தனிச்சலுகை தரப்படுகிறது. அவர்கள் விஷயத்தில் ரயில்வே சரியென்று ஏற்ற நியாயம் முதியோருக்கு மட்டும் பொருந்தாது என்பதற்கு இதுவரை விளக்கம் இல்லை.

அடுத்தது செலவு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கிடைத்த விவரப்படி, 2020 மார்ச் முதல் 2025 பிப்ரவரி வரை சலுகை இல்லாததால் ரயில்வேக்குக் கூடுதலாக வந்தது சுமார் 8,913 கோடி ரூபாய். ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்தால் ஆண்டுக்குச் சுமார் 1,780 கோடி. ரயில்வேயின் ஆண்டு வருவாய் இரண்டரை லட்சம் கோடி ரூபாய் அளவில் இருக்கிறது. நூறு ரூபாயில் ஒரு ரூபாய்கூட ஆகாத தொகை இது. எல்லா வகுப்புகளுக்குமான கணக்கு இது. நாங்கள் கேட்பதுபோல் கீழ் வகுப்புகளோடு நிறுத்தினால் இன்னும் குறையும்.

மூன்றாவது, வசதியுள்ளவருக்கு எதற்குச் சலுகை என்ற கேள்வி. நியாயமான கேள்விதான். அதனால்தான் முதல் வகுப்பு ஏசியையும் இரண்டடுக்கு ஏசியையும் எங்கள் உடனடிக் கோரிக்கையில் சேர்க்கவில்லை. சலுகையை முழுதாகவோ பாதியாகவோ விட்டுக்கொடுக்கும் வழி முன்பே முன்பதிவில் இருந்தது. அதை மறுபடி வையுங்கள். வசதியுள்ள எங்கள் உறுப்பினர்களிடம் விட்டுக்கொடுக்கச் சொல்லி நாங்களே கேட்போம். ஆனால் வருமானச் சான்று கேட்பதை ஏற்க மாட்டோம். இருநூறு ரூபாய்ச் சலுகைக்காக எழுபது வயதில் ஒருவரைத் தாலுகா ஆபீசுக்கு நான்கு முறை நடக்கவிட்டால், சலுகை பஸ் சார்ஜிலேயே கரைந்துவிடும்.

தமிழ்நாட்டுப் பேருந்துகள்

சென்னையில் மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2016 முதல் அறுபது வயதானவர்களுக்கு மாதம் பத்து டோக்கன் தருகிறது. ஏசி அல்லாத பேருந்தில் கண்டக்டரிடம் ஒரு டோக்கன் கொடுத்தால் ஒரு பயணம் இலவசம். நல்ல திட்டம். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பணிமனைக்கோ பேருந்து நிலையத்துக்கோ நேரில் போய் டோக்கன் வாங்க வேண்டும். முழங்கால் வலியோடு இருப்பவருக்கு அந்த வரிசையே பெரிய தடை.

2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மூத்த பெண்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் சென்னைக்கு வெளியே நகரப் பேருந்தில் ஏறும் அறுபத்தைந்து வயது ஆணுக்கு எந்தத் தள்ளுபடியும் இல்லை. மாவட்டத் தலைநகர் மருத்துவமனைக்குப் புறநகர்ப் பேருந்தில் போகும் மூத்த பெண்ணும் முழுக் கட்டணம்தான் கொடுக்கிறார்.

மற்ற மாநிலங்களைப் பாருங்கள். கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் அரசுப் பேருந்தில் அறுபது வயதானவர்களுக்கு 25 சதவீதத் தள்ளுபடி. மகாராஷ்டிரத்தில் அறுபத்தைந்து முதல் எழுபத்தைந்து வரை பாதிக் கட்டணம்; எழுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு 2022 ஆகஸ்ட் முதல் முழு இலவசம். இந்தியாவில் முதியோர் விகிதம் அதிகமுள்ள மாநிலங்களில் ஒன்று தமிழ்நாடு. 2021-க்கான மதிப்பீட்டில் இங்கே நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு மேல் அறுபதைக் கடந்தவர்கள். சமூக நலத் திட்டங்களில் முன்னே நின்ற மாநிலம் இதில் பின்தங்கியிருக்கக் கூடாது.

எங்கள் கோரிக்கைகள்

1. ரயிலில் இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி ஆகியவற்றில் பழைய 40, 50 சதவீதச் சலுகையை ரயில்வே உடனே திரும்பத் தர வேண்டும். கவுன்ட்டர் டிக்கெட்டுக்கும் இணைய டிக்கெட்டுக்கும் அது பொருந்த வேண்டும்.

2. விருப்பப்பட்டு விட்டுக்கொடுக்கும் வசதி இருக்க வேண்டும். கேட்காமலே சலுகை கிடைப்பதுதான் இயல்பான நிலையாக இருக்க வேண்டும்.

3. மூத்த குடிமக்களுக்கும் நாற்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களுக்கும் உள்ள கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு ஸ்லீப்பர் பெட்டிக்கு ஆறு, ஏழு படுக்கைகள்தான். அதை உயர்த்த வேண்டும்.

4. மாதம் பத்து இலவசப் பயணம் தமிழ்நாட்டின் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களின் நகரப் பேருந்துகளிலும் வர வேண்டும். புறநகர்ப் பேருந்தில் குறைந்தது 25 சதவீதம் தள்ளுபடி வேண்டும்.

5. டோக்கனுக்காக மறுபடி மறுபடி அலையவிடாமல், வயது காட்டும் ஆதார், வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை ஏற்க வேண்டும். டோக்கன் முறை தொடரும்வரை, நடக்க முடியாதவருக்கு வீட்டில் உள்ளவர் அதை வாங்கித் தர அனுமதிக்க வேண்டும்.

நாங்கள் செய்யப்போவது

கேட்பதோடு எங்கள் வேலை முடிந்துவிடாது. இருக்கிற சலுகைகளே பலருக்குத் தெரியாமல் கிடக்கின்றன. ஒவ்வொரு கிளையிலும் மாதம் ஒரு நாள் உதவி மேசை போடுவோம். ஆதாரில் பிறந்த வருடம் தவறாக இருந்தால் திருத்த, டோக்கனுக்கு விண்ணப்பிக்க, முன்பதிவில் கீழ்ப்படுக்கை ஒதுக்கீட்டைக் கேட்க, வங்கியில் மூத்த குடிமக்கள் வட்டி சரியாக விழுகிறதா என்று பாஸ்புக்கைப் பார்க்க அங்கே ஆள் இருப்பார். குடும்பத்தில் கைவிடப்பட்டவர்களுக்கும் தகவல் தேவைப்படுபவர்களுக்கும் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை எழுதிக் கொடுப்போம்.

அரசியல் சாசனத்தின் 41-வது பிரிவு, முதுமையில் பொது உதவி கிடைக்க அரசு தன் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு வழிசெய்ய வேண்டும் என்கிறது. ஆண்டு வருவாயில் நூற்றில் ஒன்றுகூட வராத தொகையைத் தாங்க முடியாத அளவுக்கு இந்த நாட்டின் பொருளாதாரம் பலவீனமாக இல்லை. தமிழ்நாட்டின் எல்லா மக்களவை, மாநிலங்களவை உறுப்பினர்களுக்கும் இந்த அறிக்கையை அனுப்புகிறோம். அடுத்த ரயில்வே மானியக் கோரிக்கை விவாதத்தில் இந்தச் சலுகைக்காகப் பேசுவீர்களா என்று ஒவ்வொருவரிடமும் எழுத்து மூலம் பதில் கேட்போம். வந்த பதில்களையும், பதில் தராதவர்களின் பெயர்களையும் எங்கள் உறுப்பினர்கள் முன் வைப்போம்.