செக்போஸ்ட்ல வாயைத் திறங்க அண்ணாச்சி

இடுப்புல லைசென்ஸ் துப்பாக்கியோட முண்டந்துறை போறவங்களுக்கு ஒரு த்ரெட்.

"லைசென்ஸ் இருக்கு டாக்டர், ஃபாரஸ்ட்காரன்கிட்ட எதுக்குச் சொல்லணும்?"னு ஒருத்தர் கேட்டார்.

ஏன்னா பாபநாசம் செக்போஸ்ட்டைத் தாண்டினா சரணாலயம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 31-வது பிரிவு: தலைமை வன உயிரினக் காப்பாளரோட எழுத்துபூர்வ முன் அனுமதி இல்லாம ஆயுதத்தோட நுழையக்கூடாது. கலெக்டர் தந்த லைசென்ஸ் அந்த அனுமதி ஆகாது.

34-வது பிரிவையும் படிங்க. சரணாலயத்துல இருந்து 10 கி.மீ.க்குள்ள குடியிருக்கிற லைசென்ஸ்தாரர் வனத்துறையில பேரைப் பதிவு பண்ணணும். வி.கே.புரம்காரங்களே, உங்களைத்தான்!

"யானை வந்தா?" கைத்துப்பாக்கியால சுட்டா யானைக்குக் கோபம்தான் வரும்.

உங்களைச் சோதிக்கிற காவலர் கையில பெரும்பாலும் ஒரு கம்புதான். துப்பாக்கி இருக்குறது அவர் கை பட்டுத்தான் தெரியணுமா? மலை ரோட்டுல வண்டி கவுந்து நினைவில்லாம வந்தீங்கன்னா, கேஷுவால்டில உங்க சட்டையைக் கத்தரிக்கிறது எங்க நர்ஸ். அவங்களுக்கு யார் சொல்லுவா? லோடான துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்கா இல்லையான்னு தெரியாது.

வீட்டுல வச்சுட்டு வாங்க. மறந்து கொண்டு வந்துட்டா, தேடுறதுக்கு முன்னாடி கையை வெளிய வச்சுக்கிட்டு நீங்களே சொல்லிட்டு, வண்டியைத் திருப்புங்க.