லயத்து வீடு யாருடைய வீடு?

முகநூலும் புலனமும் டிக்டாக்கும் இருக்கும்போது தமிழ் அமைப்புகளுக்குத் தனி இணையத்தளமும் தனி வலையமைப்பும் வீண் செலவு என்று ஜொகூர் நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் அடுக்கும் காரணங்கள் நான்கு. அவை இலவசம், மக்கள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள், தரவு மையங்களே ஜொகூருக்கு வந்துவிட்டன, தனியாகக் கட்ட நம்மிடம் பணமும் இல்லை, ஆளும் இல்லை. நான்கும் தவறான வாதங்கள். நான்காவது, நமக்கு முன்னால் உழைத்தவர்களை அவமதிப்பதும்கூட.

முதலில் இலவசம். முகநூலையும் புலனத்தையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் 2024 வருவாய் 164 பில்லியன் அமெரிக்க டாலர். அதில் நூற்றுக்கு 97-க்கும் மேல் விளம்பரப் பணம். நாம் காசு கொடுக்கவில்லை. நம் கண்ணும் நேரமும் அங்கே விற்பனையாகின்றன. ஆகவே எது நம்மை எழுந்து போகவிடாமல் பிடித்துவைக்குமோ அதுவே நம் முன்னால் வந்து நிற்கும். 2017-இல், ‘கோபம்’ உள்ளிட்ட முகக்குறிகளுக்கு முகநூல் சாதாரண விருப்பக்குறியைவிட ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்து வந்தது. 2021-இல் வெளியே வந்த அதன் உள் ஆவணங்கள் இதைக் காட்டின. சங்கத்துச் சண்டை பற்றிய பதிவு ஒரே இரவில் ஊரெல்லாம் ஓட, தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டு மாணவர் பதிவு அறிவிப்பு கேட்பாரற்றுக் கிடக்கிறதே, அதற்கு நம் மக்களின் அலட்சியம் மட்டுமே காரணமா? நண்பர் இதை ஒரு நிமிடமாவது யோசித்தாரா?

அடுத்தது, எல்லாரும் அங்கே இருக்கிறார்கள் என்பது. இருக்கிறார்கள், உண்மைதான். நாம் சொல்வது அவர்களைச் சேருமா என்பதை முடிவு செய்வது யார்? 2024 ஆகஸ்டில், ஹமாஸ் தலைவர் இஸ்மாயில் ஹனியே கொல்லப்பட்டது குறித்துப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் இட்ட பதிவுகளையே மெட்டா நீக்கியது. அரசு விளக்கம் கேட்ட பிறகு, தவறு நேர்ந்துவிட்டதாக மன்னிப்புக் கேட்டது. கேட்டவர் பிரதமர் என்பதால் பதில் வந்தது. எங்கள் வட்டாரத்தில் ஒரு தோட்டத்துப் பழைய மாணவர்கள் ஒரு சமூக ஊடகக் குழுவில் படங்களைச் சேர்த்து வந்தார்கள். விடியற்காலையில் வேலையாள்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம், பால்வாளியோடு நிற்கும் பெண்கள், இன்று இல்லாத பள்ளியின் வாசல். நிர்வாகியின் கணக்கை யாரோ களவாடினார்கள்; குழுவே மறைந்தது. முறையிட அவர்களுக்கு ஒரு தொலைபேசி எண்கூடக் கிடைக்கவில்லை.

‘எல்லாரும் இருக்கும் இடம்’ எப்படிப்பட்ட இடமாகவும் மாறும் என்பதை மலேசியத் தமிழர்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. டிக்டாக்கில் ஏஷா என்று அறியப்பட்ட ராஜேஸ்வரி அப்பாவு, இணையத்தில் தொடர்ந்து வசைபாடப்பட்ட பின் 2024 ஜூலையில் உயிரை மாய்த்துக்கொண்டார். வசைபாடியவர்களில் ஒருவருக்குக் கிடைத்த தண்டனை 100 ரிங்கிட் அபராதம். அன்றைக்குப் பொருத்தப்பட்ட சட்டப்பிரிவின் உச்சத் தொகையே அவ்வளவுதான். தண்டனைச் சட்டத்தைப் பின்னர் நாடாளுமன்றம் திருத்தியது. வசையைக் கூட்டம் கூடி வேடிக்கை பார்க்கும் நேரலையாக்கி, அதில் வருமானம் காணும் அமைப்பு அப்படியேதான் இருக்கிறது.

மூன்றாவது வாதம்தான் என்னை அதிகம் கோபப்படுத்தியது. தரவு மையங்கள் ஜொகூரில் இருப்பதால் நம் தகவல் நம் வாசலிலேயே பத்திரமாக இருக்கிறதாம்! கூலாயில் ஒய்.டி.எல். நிறுவனத்தின் தரவு மையப் பூங்கா எழுந்திருக்கும் நிலம், முன்பு கூலாய் யங் எஸ்டேட் என்ற செம்பனைத் தோட்டம். கட்டடம் நம் மண்ணில் நிற்பதால் உள்ளே இருப்பது நமதாகிவிடாது. இதைத் தோட்டப் பாட்டாளிகளின் பிள்ளைகள் உலகத்தில் வேறு எவரையும்விட நன்றாக அறிவார்கள். தோட்டத் தொழிலாளர்களுக்கு நிர்வாகம் கொடுத்த லயத்து வீடும் இலவசம்தான். தலைமுறை தலைமுறையாக அங்கே பிறந்தோம், மணம் முடித்தோம், வாசலில் முருங்கை வைத்தோம். தோட்டம் கைமாறியதும் வெளியேறச் சொல்லிக் கடிதம் வந்தது. எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் பட்டா நம் பெயரில் இல்லை. அந்த வரலாற்றைச் சுமப்பவர்களிடமே மீண்டும் இலவச லயத்தில் குடியேறச் சொல்வது எவ்வளவு பெரிய மறதி!

இனி நான்காவது. நம்மால் முடியாதாம். ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் வரும் சிங்கப்பூரில், 1995-லேயே தமிழை இணையத்தில் ஏற்றினார் நா. கோவிந்தசாமி. கணினியில் தமிழ் எழுத முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். 1990-களில் உலகத் தமிழர்களை மின்னஞ்சல் வழி இணைத்த தமிழ்.நெட் குழுமத்தைத் தொடங்கிய பாலா பிள்ளையும் மலேசியாவிலிருந்து புலம்பெயர்ந்தவர். அந்தக் குழுமத்தில் கூடியவர்களின் முயற்சியால்தான் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் பிறந்தது. தன்னார்வலர்கள் கூலி வாங்காமல் தட்டச்சு செய்த பழந்தமிழ் நூல்களை இன்றும் உலகம் படிக்கிறது. அன்று முகநூலே பிறக்கவில்லை. ஒருங்குறியும் பரவவில்லை, ஒருவர் அனுப்பும் தமிழ் இன்னொருவர் திரையில் புரியாத குறிகளாகத் தெரிந்த காலம். அவர்களால் முடிந்தது, கைப்பேசியிலேயே எல்லாம் செய்யும் நம்மால் முடியாதா?

இன்று வழி இன்னும் எளிது. 2016-இல் வந்த மாஸ்டடான், சமூக வலையமைப்பு நடத்த உதவும் கட்டற்ற மென்பொருள். அதை நிறுவும் ஒவ்வோர் அமைப்பும் தன் விதிகளைத் தானே வகுத்துக்கொள்ளலாம். மற்றத் தளங்களோடும் பேசலாம். சிறு வழங்கியின் ஓராண்டு வாடகை, ஒரு தீபாவளி நிகழ்ச்சியின் மேடை அலங்காரச் செலவைத் தாண்டாது. அங்கேயும் வசை வரும். அதைக் கவனிக்கப் பொறுப்பான ஆள் வேண்டும். ஆனால் அந்த ஆள் நம் ஊர்க்காரர், தமிழ் தெரிந்தவர், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்டால் பதில் சொல்லவேண்டியவர்.

புலனத்தை விட்டு வெளியேறச் சொல்லவில்லை. ஆளைக் கூப்பிட அதைப் பயன்படுத்துங்கள். உறுப்பினர் பட்டியல், ஆவணம், படம், நம் விவாதம் ஆகியவை முதலில் நம் தளத்தில் இருக்கட்டும். அங்கிருந்து மற்ற இடங்களுக்குப் போகட்டும். இவ்வாண்டு வரவு செலவுக் கணக்கில் இதற்கென ஒரு வரி சேர்க்காத எந்தச் சங்கமும், தமிழைக் காப்பதாக மேடையில் முழங்கும் தகுதியை இழக்கிறது.