பின்னாசனத்தின் தீர்ப்பு

நெடும்பயணத்துக்கென ஒரு மோட்டார்ச் சைக்கிள் வாங்க எண்ணிக் கடைக்குச் செல்லும் ஒருவர், முதலில் வினவுவது இயந்திரத்தின் வலுவைப் பற்றி. அடுத்து வினவுவது விலையைப் பற்றி. மூன்றாவதாக வினவுவது ஒரு லீற்றர் பெற்றோலுக்கு எவ்வளவு தூரம் ஓடும் என்பதை. உடன் வந்த மனைவியோ ஓரமாக நின்று வண்டியின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரிடம் எவரும் எதையும் வினவுவதில்லை. ஆயினும், அவ்வண்டி ஒரு நாளில் 500 கிலோமீற்றர் ஓடுமாயின், அந்த 500 கிலோமீற்றரையும் அவரும் அதன்மேல் அமர்ந்தே கடக்க வேண்டும். இருவர் செல்லும் வண்டியை ஒருவர் மட்டும் தேர்ந்தெடுப்பது முறையாகுமா என்பதே இவ்வாரம் நாம் வாசகர்முன் வைக்கும் கேள்வி.

ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் பாதை ஒன்று, அனுபவம் வேறு. ஓட்டுபவர் கைப்பிடியை இறுகப் பற்றியிருக்கிறார். வளைவு வருவதை முன்னரே காண்கிறார். பிறேக்கை எப்போது அழுத்துவது என்பதை அவரே தீர்மானிப்பதால், அவருடைய உடல் ஒவ்வோர் அசைவுக்கும் ஆயத்தமாகவே உள்ளது. பின்னால் இருப்பவரின் கண்ணிற் படுவதோ முன்னவரின் தலைக்கவசமும் தோள்களுமே. வண்டி நிற்கையில் அவர் முன்னே தள்ளப்படுகிறார். பாய்கையிற் பின்னே இழுக்கப்படுகிறார். முன்கண்ணாடியின் மேல்விளிம்பைத் தாண்டி வரும் காற்றுச் சுழன்று விழுவதும் பெரும்பாலும் அவர் தலைமீதுதான். அவருடைய ஆசனம் பின் சில்லின் அச்சுக்கு அண்மையில் அமைவதால், வீதியின் ஒவ்வொரு பள்ளமும் அவருடைய முள்ளந்தண்டுக்கே முதலிற் செய்தி சொல்கிறது. ஆகவே, நெடும்பயண வண்டியொன்றின் தரத்தை உரைத்துப் பார்க்கப் பின்னாசனத்தைவிடச் சிறந்த உரைகல் வேறில்லை.

முற்காலத்தார் இச்சிக்கலுக்குக் கண்ட வழி, பக்கத்தில் ஒரு தொட்டிலை இணைத்து மூன்று சில்லுகளில் ஓடுவதாகும். அவ்வழக்கம் அருகியபின், இரு சில்லு வண்டியையே இருவருக்கு ஏற்றதாக்கும் முயற்சி தொடங்கிற்று. ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1976இல் வெளியிட்ட ஆர் 100 ஆர்.எஸ். என்னும் வண்டியின் முழுக் காற்றுக்கவசம், காற்றுச் சுரங்கத்திற் சோதித்து உருவாக்கப்பட்டது. 1978இல் அதே குடும்பத்திலிருந்து வந்த ஆர் 100 ஆர்.டி., அக்கவசத்தை இன்னும் அகலமாக்கி, நிமிர்ந்து அமரும் பயணிக்கென அமைக்கப்பட்டது. யப்பானின் ஹொண்டா நிறுவனம் 1974இல் ஜேர்மனியின் கொலோன் நகரக் கண்காட்சியில் தன் கோல்ட் விங் வண்டியை முதன்முதலாகக் காட்டியபோது, அதற்குக் காற்றுக்கவசமும் இல்லை, பெட்டிகளும் இல்லை. வாங்கியவர்கள் வேறு தயாரிப்பாளர்களிடம் அவற்றைப் பெற்றுப் பொருத்திக்கொண்டனர். அதைக் கண்ட ஹொண்டா, 1980இல் அவற்றைத் தானே பொருத்தி விற்கத் தொடங்கிற்று. அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் நிறுவனமோ 1965இல் மின்விசையால் இயங்கத் தொடங்கும் எலெக்ட்ரா கிளைட் வண்டியைத் தந்து, 1969இல் அதற்கு வௌவாலின் சிறகை நிகர்த்த கவசத்தையும் அளித்தது. இம்மூன்று மரபுகளையுமே நாம் இங்கு ஒப்பிட்டு நோக்குவோம்.

முதலிற் சுகம். நெடும்பயணத்தில் உடலைச் சோரச் செய்வன மூன்று: காற்று, அதிர்வு, மடங்கிய முழங்கால். அதிர்வைப் பொறுத்தவரை கோல்ட் விங் வண்டிக்கு ஈடு சொல்வது கடினம். 1988ஆம் ஆண்டு முதல் அதன் இயந்திரம், பக்கத்துக்கு மூன்றாக எதிரெதிரே படுத்திருக்கும் ஆறு உருளைகளைக் கொண்டது. ஒரு பக்கத்து முசலத்தின் வீச்சை மறுபக்கத்தது சமன்செய்து விடுவதால் ஆசனத்திற் குலுக்கம் தோன்றுவதில்லை. பி.எம்.டபிள்யூ.வின் ஆர்.டி. வண்டி இரண்டே உருளைகள் கொண்டது; அதன் துடிப்புக் கையிலும் காலிலும் மெல்லத் தெரியும்; அலுப்பூட்டாது. ஹார்லியின் இரு உருளைகளும் ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல் 45 பாகைக் கோணத்தில் நிற்பன. அதன் நடுக்கம் இயல்பிலேயே பெரிது. அதனாலேயே 1980இல் வந்த டூர் கிளைட் முதலாக, நெடும்பயண ஹார்லிகளின் இயந்திரம் றப்பர்த் தாங்கிகளின் மேல் இருத்தப்படலாயிற்று. நிற்கும்போது வண்டி ஆடும். ஓடத் தொடங்கியதும் அமைதியடையும். அந்த ஆட்டத்தையே விரும்பி வாங்குவோரும் உளர்.

அடுத்தது கையாளுந்தன்மை. இங்கே நிறை பேசத் தொடங்குகிறது. 2019இல் வெளிவந்த ஆர் 1250 ஆர்.டி. பெற்றோல் நிரம்பிய நிலையில் 279 கிலோ நிறையுடையது. பெட்டிகள் பூட்டிய கோல்ட் விங் 380 கிலோவை அண்மிக்கும். எலெக்ட்ரா கிளைட் மரபில் வந்த அல்ட்ரா லிமிட்டெட் 400 கிலோவையும் தாண்டும். மலைப்பாதையின் கொண்டையூசி வளைவுகளில் ஆர்.டி. வண்டி தன் பாரத்தை மறந்து திரும்பும். கோல்ட் விங்கின் இயந்திரம் தாழப் படுத்திருப்பதால் அதன் பாரமும் தரையோடு ஒட்டி நிற்கிறது. ஓடும்போது அது தன் நிறையைக் காட்டிக்கொடுப்பதில்லை. சரிவில் நிறுத்திவிட்டுப் பின்னே நகர்த்த முற்படும்போதுதான் உண்மை புலப்படும். அதற்கெனவே 1988இல் அதற்குப் பின்செல்லும் வசதியும் சேர்க்கப்பட்டது. ஹார்லியின் சிறகுக் கவசம் கைப்பிடியோடு சேர்ந்தே திரும்புவது. ஆகையாற் பக்கக்காற்றின் உதை நேரே கைக்கு வரும். கவசம் சட்டகத்திற் பொருந்திய மற்றைய இரு வண்டிகளிலும் அவ்வுதை கைக்கு அவ்வளவாக எட்டுவதில்லை.

இனி, உடன் செல்பவருக்கான இடம். இதில் ஹார்லியும் கோல்ட் விங்கும் ஒரு வகுப்பு, ஆர்.டி. வேறொரு வகுப்பு. முன்னிரண்டிலும் பின்பெட்டியே முதுகுக்குச் சாய்மானமாகிறது. ஹார்லியிற் பின்னால் இருப்பவருக்கும் அகன்ற மிதிபலகை உண்டு. பாதத்தை முன்னும் பின்னும் நகர்த்தி முழங்காலுக்கு ஓய்வு கொடுக்கலாம். ஆர்.டி.யிற் பின்னாசனம் சிறிது உயர்ந்தது; முன்னே பாதையைப் பார்க்க முடியும் என்பது அதன் நன்மை. ஆயின் சாய்மானம் வேண்டுவோர் பின்பெட்டியையும் அதற்குரிய மெத்தையையும் தனியே வாங்கிப் பூட்டவேண்டியிருக்கும்.

பெரிய வண்டி கூடுதலாகச் சுமக்கும் என்று நம்புவது பொதுவழக்கு. ஆர் 1250 ஆர்.டி. வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த நிறை 505 கிலோ. அதன் சொந்த நிறையாகிய 279ஐக் கழித்தால் எஞ்சுவது 226 கிலோ. அதனிலும் 130 கிலோவுக்கு மேல் நிறை கூடிய அமெரிக்க வண்டிக்கோ எஞ்சுவது ஏறத்தாழ 200 கிலோவே. ஓட்டுபவர் 80, துணைவி 60, இருவரின் தலைக்கவசமும் தடித்த உடையும் காலணியும் சேர்ந்து 15 என்று கொண்டால், அந்த 200இற் பொதிகளுக்கு மிஞ்சுவது 45 கிலோதான். பெட்டிகளின் கொள்ளளவைக் கண்டு மயங்கி அவற்றை நிரப்புவோர் இக்கணக்கை ஒருதரம் தாளில் எழுதிப் பார்ப்பது நலம். அளவுக்கு மிஞ்சிய பாரம் பின்னே சேர்ந்தால் முன்சில்லு இலேசாகும், கைப்பிடி தளரும், இரவில் முன்விளக்கின் ஒளி வீதியை விட்டு எதிரே வருபவரின் கண்ணிற் பாயும்.

ஓட்டுபவரின் விருப்பமும் பின்னிருப்பவரின் தேவையும் எப்போதும் இணங்கிப் போவனவல்ல. இதற்குக் கோல்ட் விங்கின் அண்மை வரலாறே சான்று. 2018ஆம் ஆண்டுக்கான வண்டியை ஹொண்டா அடியோடு மாற்றியமைத்தது. முன்சில்லைத் தாங்கும் அமைப்புப் புதிதாயிற்று; இயந்திரமும் ஓட்டுபவரின் ஆசனமும் முன்னே நகர்ந்தன; வண்டியின் நிறை ஏறத்தாழ 40 கிலோ குறைந்தது. ஓட்டியவர்கள் மகிழ்ந்தனர்; இளையோரும் நாடினர். ஆயின் அக்குறைப்புக்கு ஒரு விலை இருந்தது. ஏறத்தாழ 150 லீற்றர் கொள்ளளவு கொண்டிருந்த பெட்டிகள் 110 லீற்றராகச் சுருங்கின. பின்னாசனத்தின் சாய்மானமும் வெகுவாக நிமிர்ந்து நின்றது. முந்திய வண்டியில் நாற்காலியிற் சாய்ந்திருப்பது போல் ஆயிரம் கிலோமீற்றர் கடந்த துணைவியர், புதிய வண்டியிற் பள்ளிக்கூட வாங்கில் அமர்ந்தாற்போல் உணர்ந்தனர். முணுமுணுப்பு எழுந்தது. 2021இல் ஹொண்டா இறங்கி வந்தது. 50 லீற்றராக இருந்த பின்பெட்டி 61 லீற்றராயிற்று. 17 பாகையாக இருந்த சாய்மானத்தின் சாய்வு 24.5 பாகையாயிற்று.

ஏழரைப் பாகை என்பது கண்ணுக்குப் புலனாகாத சிறு வேறுபாடு என எண்ணத் தோன்றும். ஆனால், உலகின் மிகப் பெரிய மோட்டார்ச் சைக்கிள் நிறுவனமொன்று தன் அச்சுகளை மாற்றிப் புதுப் பெட்டி வார்க்கும் அளவுக்கு அந்த ஏழரைப் பாகை கனமானதாயிருந்தது. கைப்பிடியைத் தொடாதவருக்கும் வண்டியின் அமைப்பை மாற்றும் வலிமை உண்டு என்பதை இது நமக்கு உணர்த்துகிறது அன்றோ?

அவ்வாறாயின் எதை வாங்குவது? மலைவீதிகளை நாடி, நாளுக்கு முந்நூறு கிலோமீற்றருக்குள் இருவராய்ச் செல்வோருக்கு ஆர்.டி. வண்டியே ஏற்றதென்பது எமது கருத்து. பின்பெட்டியையும் மெத்தையையும் சேர்த்தே வாங்குதல் வேண்டும். நேர்வீதிகளில் நாள் முழுதும் ஓடுவோருக்கும், உடன் வருபவர் முதுகுநோவு உள்ளவராயின் அவருக்காகவும், 2021இற்குப் பிந்திய கோல்ட் விங்கை முதலில் வைப்போம். வேகத்தை விரும்பாது, நின்று நின்று ஊர் பார்த்துச் செல்வோருக்கு ஹார்லியின் அகன்ற ஆசனமும் மிதிபலகையும் நிறைவளிக்கும்; அதன் பாரத்தை நிறுத்திப் பிடிக்கும் கால்வலு ஓட்டுபவருக்கு இருத்தல் வேண்டும்.

எமது கருத்தினும் பெரிது துணைவியின் கருத்து. அதனை அறியும் முறை எளிது. கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பது சோதனையாகாது; குறைந்தது ஒரு மணிநேரம் இருவருமாக ஓடவேண்டும். பின்னால் இருப்பவர் எவர் உதவியுமின்றி ஏறி இறங்க முடிகிறதா? முழங்கால் செங்கோணத்தினும் ஒடுங்கி மடிகிறதா? பிறேக் பிடிக்கையில் இரு தலைக்கவசங்களும் மோதுகின்றனவா? பற்றிக்கொள்ளும் பிடி கைக்கு எட்டுகிறதா? காற்றின் இரைச்சலிற் கழுத்து வலிக்கிறதா? இவ்வைந்துக்கும் விடை சொல்ல வேண்டியவர் அவரே. ஓட்டுபவர் அச்சமயம் வாய் திறவாதிருப்பது நன்று.

இவ்வண்டிகள் நம் நாட்டு வீதிகளிற் காண்பதற்கு அரியன என வாசகர் கூறலாம். உண்மையே. ஆயினும் இலங்கையிற் பதிவான வாகனங்களுள் தொகையில் முதலிடம் பெறுவது மோட்டார்ச் சைக்கிளே. கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் ஆசுபத்திரிக்கும் நம் குடும்பங்களிற் பல செல்வது அதன் பின்னாசனத்தில்தான். 100 சி.சி. வண்டிக்கும் மேற்சொன்ன கேள்விகள் அத்தனையும் பொருந்தும். பின்னால் ஒருவர் ஏறும் நாளிற் பின்ரயரின் காற்றையும் பின்வில்லின் இறுக்கத்தையும் வண்டியுடன் வந்த கையேடு கூறும் அளவுக்கு உயர்த்துவதற்குச் செலவு ஏதுமில்லை. சேலைத்தலைப்புச் சில்லிற் சிக்காதவாறு காப்புக் கம்பி பூட்டுவதற்கும், இரு கால்களும் பதியும்படி மிதிபலகை அமைப்பதற்கும் பெருஞ் செலவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு கால் தொங்க, ஒரு கையாற் பிள்ளையையும் மறுகையால் ஆசனத்தின் விளிம்பையும் பற்றியவாறு அமர்ந்திருக்கும் தாய், வீட்டுக்கு வந்ததும் இடுப்பு நோகிறது என்று சொன்னால், அதை அவருடைய உடலின் குறையாகக் கொள்ளாது வண்டியின் குறையாகக் கொண்டு ஆராய்வதே அறிவுடைமை.

அடுத்த ஞாயிறு வெளியிற் புறப்படுமுன், ஓட்டும் அன்பர்கள் ஒரு காரியம் செய்வார்களாக. வண்டியை நிறுத்துதாங்கியில் உறுதியாக நிறுத்தி, தாமே அதன் பின்னாசனத்திற் பத்து நிமிடம் அமர்ந்து பார்ப்பார்களாக. அதன்பின் துணைவியிடம் வினவ வேண்டிய கேள்விகள் தாமாகவே நாவில் வந்து நிற்கும்.