கெட்டிமேளம் மட்டும் போதுமா?

அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணம். மண்டபம் நிரம்பி வழிகிறது. மணமேடைக்கு அருகே நாதசுரக்காரர் சீவாளியை நனைத்துக்கொண்டு கல்யாணி ராகத்தை மெல்லத் தொடங்குகிறார்.

யார் கேட்கிறார்கள்? பெரியவர்களுக்குப் பந்தியின் மேல் கண். இளைஞர்களுக்குச் செல்போனின் மேல் கண். வாசலில் ஒலிபெருக்கி வேறு அலறுகிறது. ராகம் பாதி வழியில் இருக்கும்போதே, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று ஒரு குரல். அந்த இடத்திலேயே ராகம் அறுந்து போகிறது.

தாலி கட்டியாயிற்று. இனி மேளக்காரர்களைத் திரும்பிப் பார்ப்பவர் இல்லை. ஒருவர் மட்டும் வருகிறார். "அண்ணாச்சி, அந்தச் 'சிங்கார வேலனே' பாட்டை ஒரு தடவை வாசிங்க!" என்கிறார்.

அந்தப் பாட்டில் ஒலித்த நாயனம் யாருடையது? வெகு தூரம் தேட வேண்டாம். அம்பாசமுத்திரத்தில் ரயில் ஏறித் திருநெல்வேலிப் பக்கம் போனால் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், அடுத்தது காருகுறிச்சி. மூன்றாவது நிலையம்! அந்த ஊரில் 1921-ல் பிறந்த அருணாசலத்தின் நாயனம் அது.

மண்பானை ஊரில் பிறந்த நாதம்

காருகுறிச்சி மண்பானைக்குப் பேர் போன ஊர். சுற்றிலும் தாமிரபரணி பாயும் நெல்வயல். நாதசுரம் என்றாலே தஞ்சைச் சீமைதான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அப்படிப்பட்ட காலத்தில் நெல்லைச் சீமைப் பையன் ஒருவன் நாயனத்தைக் கையில் எடுத்தான். பிறகு, நாதசுரச் சக்கரவர்த்தி என்று புகழ் பெற்ற திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடமே சீடனாகச் சேர்ந்தான்.

ராஜரத்தினம் பிள்ளை சாதாரண ஆசான் அல்லர். அதற்கு முன் பெரிதும் புழங்கியது திமிரி நாயனம். அது குட்டையானது, சுருதி மிக உயர்ந்தது. அவர் நீளமான பாரி நாயனத்தைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்தார். சுருதி தாழ்ந்தது, நாதம் கனத்தது. வாய்ப்பாட்டின் குழைவெல்லாம் நாயனத்தில் வந்தது. தோடி ராகத்தை அவர் மணிக்கணக்கில் வாசிப்பார், கூட்டம் கலையாது.

அவர் பக்கத்தில் அமர்ந்து இரண்டாம் நாயனம் வாசித்தவர் அருணாசலம். இரண்டாம் நாயனம் என்றால் இளப்பமாக நினைக்க வேண்டாம். முதல் நாயனக்காரர் மூச்சு வாங்கும்போது ராகம் அறுந்து போகாமல் தாங்குகிறவர் அவர்தான். ஆசான் விட்ட இடத்தில் தொட வேண்டும், ஆசானை மிஞ்சக் கூடாது, பின்தங்கவும் கூடாது. அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் பிறகு தனியாக மேளம் நடத்தி நாடு முழுவதும் பெயர் எடுத்ததில் வியப்பு என்ன?

1956-ல் ராஜரத்தினம் பிள்ளை மறைந்தார். இனி அந்த நாதத்தை யார் தருவார்கள் என்று ஏங்கிய ரசிகர்கள் காருகுறிச்சியாரைத் தேடி வந்தார்கள். 1962-ல் 'கொஞ்சும் சலங்கை' படம் வெளிவந்தது. எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசையமைத்த அந்தப் பாட்டில் எஸ்.ஜானகியின் குரலும் அருணாசலத்தின் நாயனமும் போட்டி போட்டன. பட்டிதொட்டியெல்லாம் அந்தப் பாட்டு பரவியது. ஆனால் அந்தப் புகழோடு அவர் வாழ்ந்த காலம் மிகக் குறைவு. 1964-ல், நாற்பதைக் கடந்து சில ஆண்டுகளிலேயே, அவர் காலமானார். அவர் வாழ்ந்த கோவில்பட்டியில் இன்றும் அவருக்குச் சிலை இருக்கிறது.

சிலை வைத்தால் போதுமா?

சினிமாவைக் குறை சொல்வது நியாயமல்ல. கச்சேரி வாசலை மிதிக்காத கோடிப் பேருக்கு நாயனத்தைக் கொண்டு போய்ச் சேர்த்தது சினிமாதான். ஆனால் அந்தச் சில நிமிடப் பாட்டு ஒரு மரத்தில் பழுத்த ஒரு பழம். மரம் எது? விடிய விடிய நடந்த கோயில் திருவிழா. நாள் கணக்கில் நடந்த கல்யாணம். தெருமுனையில் சுவாமி நிற்கும். மேளக்காரர்கள் ராகத்தைத் தொடங்குவார்கள். தவில்காரர்கள் மாறி மாறிப் பதில் சொல்வார்கள். வயல் வேலை முடித்து வந்த உழவரும், பானை வனைந்த கையைக் கழுவிவிட்டு வந்த குயவரும் நின்று கேட்டார்கள்.

டிக்கெட் கிடையாது. முன் வரிசை நாற்காலியும் கிடையாது. கோயிலுக்குள் நுழைய விடாமல் தடுக்கப்பட்டவர்களும் அந்த நாளில் இருந்தார்கள். அந்தக் கொடுமையை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் நாயனத்தின் நாதம் எந்த மதிலுக்கும் அடங்கவில்லை. படிப்பறியாத காதுகள் ராகத்தை அறிந்திருந்தன. சரியில்லாத வாசிப்பை அந்தக் காதுகள் விடவும் செய்யா. அந்தக் காதுகள்தான் ஒரு காருகுறிச்சியாரை வளர்த்தன.

இன்று மரத்துக்குத் தண்ணீர் விடாமல் பழம் மட்டும் கேட்கிறோம்!

சீமையிலும் இதே கதை

"காலம் மாறிவிட்டது. யாருக்கு அவ்வளவு பொறுமை?" என்று சிலர் கேட்கலாம். அவர்கள் இங்கிலாந்துக் கதை ஒன்றைக் கேட்க வேண்டும்.

பழைய கிராமபோன் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் இடம் இருந்தது. அதனால் பாட்டும் மூன்று நிமிடம் என்று ஆகிவிட்டது. நீண்ட நேரம் ஓடும் தட்டுகள் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. 1960-களின் கடைசியில் கிங் கிரிம்சன், யெஸ், ஜெனிசிஸ், பிங்க் பிளாய்டு முதலிய குழுக்களைச் சேர்ந்த வெள்ளைக்கார இளைஞர்கள் அந்தக் கட்டை உடைத்தார்கள். கிதாரும் டிரம்ஸும் வைத்திருந்த பிள்ளைகள்தான். 1972-ல் யெஸ் குழு வெளியிட்ட ஒரு பாட்டு 18 நிமிடத்துக்கு மேல் ஓடித் தட்டின் ஒரு பக்கத்தையே நிறைத்தது. அதே ஆண்டில் ஜெனிசிஸ் குழுவின் ஒரு பாட்டு ஏறக்குறைய 23 நிமிடம் ஓடியது!

இளைஞர்கள் ஓடிவிட்டார்களா? இல்லை, காசு கொடுத்து வாங்கினார்கள், உட்கார்ந்து கேட்டார்கள். 1970-களின் கடைசியில் மறுபடியும் குட்டைப் பாட்டு மோகம் வந்தது உண்மை. ஆனாலும் அந்த நீண்ட பாட்டுகளுக்கு இன்றும் உலகெங்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். பொறுமை என்பது காலத்தைப் பொறுத்ததல்ல. பழக்கத்தைப் பொறுத்தது என்பதற்கு இது சான்று. அந்தப் பிள்ளைகள் புதுமை என்று கண்டுபிடித்ததைத் தாமிரபரணிக் கரையில் தெருமுனையிலேயே கேட்டவர்கள் நாம். சொந்தச் சொத்தை நாமே கைவிடலாமா?

அரை மணி நேரம் தாருங்கள்

பல கோயில்களில் இன்று பூஜை நேரத்தில் மின்சார மேளம் அடிக்கிறது. பொத்தானை அழுத்தினால் போதும். கல்யாணத்திலும் தாலி கட்டும் நேரத்துக்குச் சத்தம் மட்டும் வேண்டும் என்றால், நாளைக்கு அங்கேயும் பொத்தான் வந்துவிடும். அப்புறம் எந்தத் தகப்பன் தன் மகன் கையில் நாயனத்தைக் கொடுப்பான்? மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் நாதசுரமும் தவிலும் கற்றுக் கொடுக்கிறார்கள். கற்று வெளியே வரும் பிள்ளைகளின் வாசிப்பைக் கேட்க ஆள் வேண்டாமா?

பெரிய செலவு எதுவும் தேவையில்லை. வீட்டில் கல்யாணம் வைப்பவர்கள் மூன்று காரியம் செய்தால் போதும். முதலாவது, முகூர்த்தத்துக்கு முன்போ முதல் நாள் மாலையிலோ மேளத்துக்கென்று அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த அரை மணி நேரம் ஒலிபெருக்கியை நிறுத்துங்கள். இரண்டாவது, குழந்தைகளை முன்னால் உட்கார வையுங்கள். நாயனத்தையும் தவிலையும் இவ்வளவு பக்கத்தில் பார்க்கும் குழந்தை அதை மறக்காது. மூன்றாவது, பேசிய கூலியை முகம் சுளிக்காமல், பந்தி முடியும் வரை காக்க வைக்காமல் கொடுங்கள். போட்டோவுக்கும் பூ அலங்காரத்துக்கும் பேரம் பேசாமல் கொடுக்கும் கை, மேளக்காரரிடம் மட்டும் ஏன் சுருங்க வேண்டும்?

'சிங்கார வேலனே' கேட்கக் கூடாதா? தாராளமாகக் கேட்கலாம். அதற்கு முன்னால், "அண்ணாச்சி, உங்களுக்குப் பிடித்த ராகம் எதுவோ அதை முதலில் வாசிங்க. நாங்க உட்கார்ந்து கேட்கிறோம்" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். அந்த நாதசுரக்காரர் முகம் எப்படி மலர்கிறது என்று அப்போது தெரியும்.

காருகுறிச்சியாருக்குச் செய்யும் மரியாதை அதுதான். மாலை போடுவது அதற்குப் பிறகு.